‘கொனா’ என்னும் பேச்சுவழக்கு ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் பற்றிய முழுமையான வழிகாட்டி

ஏப்பிரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருக்கும் காலத்தில், விடுதிகளிலும் படகுச் சேவைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் தொழில் செய்யும் நம் இளைஞர்களின் காதில் நாள்தோறும் விழும் ஆங்கிலச் சொற்களுள் ‘கொனா’ முதன்மையானது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் பேசும் மச்சான்மாரின் பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள். ஆங்கிலப் படங்களிலும் பாட்டுகளிலும் இது நிமிடத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறது. ஆனால் பாடப்புத்தகத்து ஆங்கிலத்தை மட்டும் படித்து வளர்ந்த ஒருவருக்கு இது எங்கிருந்து வந்த சொல், இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, தானும் சொல்லலாமா, எழுதலாமா என்பதெல்லாம் தெளிவில்லாமலே இருக்கும்.

இச்சொல்லைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. படிக்காதவர்கள் பேசும் கொச்சை இது, நல்ல ஆங்கிலம் பேச விரும்புபவர் இதைத் தொடவே கூடாது என்பது ஒன்று. இதைச் சொன்னால்தான் ஆங்கிலம் நாகரிகமாக ஒலிக்கும் என்று எண்ணி, கடிதம், விண்ணப்பம், பரீட்சை விடைத்தாள் என்று எல்லா இடத்திலும் இதைப் போடுவது மற்றொன்று. உண்மையில் ‘கொனா’ என்பது ஆங்கிலத்தின் ஓர் ஒழுங்கான இலக்கண அமைப்பின் பேச்சு வடிவம். அந்த அமைப்புக்கு ஏறத்தாழ முழுமையாக ஒத்த ஓர் அமைப்புத் தமிழிலும் இருப்பதால், தமிழ் பேசும் ஒருவர் இதன் விதிகளில் பெரும்பகுதியை ஏற்கெனவே அறிந்தே இருக்கிறார். அந்த அறிவை வெளியே கொண்டுவந்து பயன்படுத்தும் வழியைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதற் படி: முழு வடிவத்தை அறிந்துகொள்ளுதல்

‘கொனா’ என்பது ‘கோயிங் டு’ என்னும் இரண்டு சொற்கள் விரைவான பேச்சில் ஒன்றாகக் குறுகிய வடிவம். ஜீ, ஓ, என், என், ஏ என்னும் ஐந்து எழுத்துகளால் இதை எழுதுகிறார்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மெரியம்-வெப்ஸ்டர் ஆகிய பேரகராதிகள் இதைப் பதிவுசெய்து, முறைசாராப் பேச்சுக்கு உரியது என்ற குறிப்பையும் சேர்த்தே தருகின்றன. ஆகவே இது அகராதிக்கு வெளியே நிற்கும் சொல்லன்று. பயன்படுத்தும் இடம் வரையறுக்கப்பட்ட சொல்.

‘கோயிங் டு’ என்பது தொடக்கத்தில் ஓர் இடத்தை நோக்கி நடந்து செல்வதை மட்டுமே குறித்தது. ஒரு செயலைச் செய்வதற்காக ஒருவர் ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்றால், அவர் அதைச் செய்ய எண்ணியிருக்கிறார் என்பது அதில் அடங்கிவிடுகிறது; இவ்வாறு நடையின் பொருள் தேய்ந்து எண்ணத்தின் பொருள் முன்னுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டளவில் இந்த எதிர்காலப் பொருள் ஆங்கிலத்தில் நிலைபெற்றுவிட்டது. ஒரு சொற்றொடர் இலக்கண வேலையைச் செய்யத் தொடங்கி அடிக்கடி பேச்சில் புழங்கும்போது அதன் ஒலிகள் தேய்வது எல்லா மொழிகளிலும் நடப்பதே. இங்கும் அவ்வாறே எதிர்காலத்தைக் காட்டும் ‘கோயிங் டு’ மட்டும் தேய்ந்து ‘கொனா’ ஆயிற்று. இடத்தை நோக்கிய நடையைக் காட்டும் ‘கோயிங் டு’ தேயாமல் அப்படியே நின்றது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் விதிகளில் முக்கியமானவை தாமாகவே விளங்கும்.

இரண்டாம் படி: ஒலிப்பைச் சரிசெய்தல்

முதல் எழுத்தின் ஒலி, ‘தங்கம்’ என்னும் சொல்லின் நடுவில் நாம் சொல்லும் ககரத்தின் ஒலி. ‘கண்’ என்பதன் முதலில் வரும் வல்லொலி அன்று. எழுத்தில் இரண்டு ‘என்’ வருவதைப் பார்த்து நம்மவர் பலர் ‘அன்னம்’ என்பதில்போல ஒற்றை அழுத்தி ‘கொன்னா’ என்கிறார்கள். தமிழில் ‘கனி’ வேறு, ‘கன்னி’ வேறு என்பதால் இரட்டித்த ஒலியை நாம் கவனமாக அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரட்டித்து எழுதப்படும் மெய் பொதுவாக ஒற்றை மெய்யாகவே ஒலிக்கும். எனவே ‘ன’கரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். இறுதி உயிரும் நெடிலன்று. இந்த வழிகாட்டியில் ‘கொனா’ என்று நெடிலாக எழுதியிருப்பது வாசிப்பு வசதிக்காக மட்டுமே. வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் மங்கலான குறிலே அங்கு ஒலிக்கிறது. முதல் உயிரை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சற்று வேறுபடச் சொல்வார்கள். சிலரிடம் அது ஒகரத்தை நெருங்கும், சிலரிடம் அகரத்தை நெருங்கும்.

இதைவிடவும் முக்கியமானது வாக்கியத்தின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது. ‘ஐம் கொனா டைவ் டுமோரோ’ என்னும் வாக்கியத்தில் ‘டைவ்’ என்பதே அழுத்தம் பெறும். ‘கொனா’ தாழ்ந்த குரலில் விரைந்து கடந்துபோகும். ‘கொனா’வை உரத்துச் சொன்னால், இலக்கணம் சரியாக இருந்தாலும் கேட்பவருக்கு அது இயல்பாக ஒலிக்காது. மிக விரைவாகப் பேசுவோரிடம் ‘ஐம் கொனா’ என்பது ‘ஐமனா’ என்றும், இன்னும் தேய்ந்து ‘ஐமா’ என்றும் ஆகிவிடும். இவற்றைக் கேட்டால் விளங்கிக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும். நாமாகச் சொல்லிப் பழக வேண்டிய தேவையில்லை.

மூன்றாம் படி: தமிழில் இதற்கு நிகரானதைக் கண்டுகொள்ளுதல்

‘மழை பெய்யப்போகிறது’ என்று எழுதுகிறோம். ‘மழை பெய்யப்போகுது’ என்று கதைக்கிறோம். மழை எங்கும் நடந்து போவதில்லை. ‘போ’ என்னும் வினை இங்கே தன் சொந்தப் பொருளை இழந்து, நடக்க இருப்பதைக் காட்டும் துணைவினையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘இட்ஸ் கொனா ரெயின்’ என்பதும் அச்சொட்டாக இதுவே. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து இதைச் செய்யவில்லை. போதலைக் குறிக்கும் வினையிலிருந்து எதிர்காலத்தை உருவாக்குவது உலகில் பல மொழிகள் தனித்தனியே கண்ட வழி. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும்கூட இது உண்டு.

‘போகப்போறன்’ என்று நாம் சொல்லும்போது ‘போ’ இரண்டு முறை வருவது யாருக்கும் வேடிக்கையாகப் படுவதில்லை. அதுபோலவே ‘ஐம் கொனா கோ’ என்பதும் முழுச் சரியான ஆங்கிலம். அதில் ஒரே சொல் வீணாக இருமுறை வருவதாக நினைத்து ஒன்றை வெட்டிவிடக் கூடாது.

ஆகவே அடிப்படைச் சமன்பாடு இதுதான்: ‘செய்யப்போகிறேன்’ என்று எழுதுவதற்கு நிகர் ‘ஐ ஆம் கோயிங் டு டூ’, ‘செய்யப்போறன்’ என்று கதைப்பதற்கு நிகர் ‘ஐம் கொனா டூ’. பொருள் ஒன்று, நிலை வேறு. எழுத்து வழக்கு ஒன்றும் பேச்சு வழக்கு ஒன்றுமாக இரண்டு தமிழை நாள் முழுவதும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் நமக்கு, இந்த நிலை வேறுபாட்டை உணர்வது ஆங்கிலத்தை மட்டும் அறிந்த ஒருவரைவிடவும் எளிது என்றே நான் கருதுகிறேன்.

நான்காம் படி: பின்னால் வருவது வினையா, இடமா என்று பார்த்தல்

‘கொனா’வுக்குப் பின்னால் வினைச்சொல் மட்டுமே வர வேண்டும், அதுவும் எந்த விகுதியும் சேராத அடிவடிவத்தில். ‘ஐம் கொனா ஸ்விம்’, ‘வீ ஆர் கொனா ஈட்’, ‘ஷீ இஸ் கொனா கோல் யூ’ ஆகியவை சரியானவை. ‘ஐம் கொனா நிலாவெளி’ என்பது பிழை, ஏனெனில் நிலாவெளி ஓர் இடம். ‘ஐம் கோயிங் டு நிலாவெளி’ என்று முழுமையாகவோ, ‘ஐம் கொனா கோ டு நிலாவெளி’ என்று ஒரு வினையைச் சேர்த்தோ சொல்ல வேண்டும்.

இதைச் சோதிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது. சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘போறன்’ என்பதற்கு முன் ‘வாங்க’, ‘செய்ய’, ‘பார்க்க’ என்று ‘செய’ வாய்பாட்டு எச்சம் வந்தால் ‘கொனா’ பொருந்தலாம். ‘கண்டிக்கு’, ‘கடைக்கு’, ‘கோணேசர் கோயிலுக்கு’ என்று நான்காம் வேற்றுமை உருபு வந்தால் ‘கொனா’ பொருந்தவே பொருந்தாது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு ‘ஐம் கோயிங் டு வோர்க்’ என்பதைவிடச் சிறந்த வாக்கியம் கிடைப்பது அரிது. ‘வோர்க்’ என்பது ஆங்கிலத்தில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். எனவே அந்த வாக்கியத்துக்கு ‘வேலைக்குப் போறன்’ என்ற பொருளும் உண்டு, ‘வேலை செய்யப்போறன்’ என்ற பொருளும் உண்டு. ‘ஐம் கொனா வோர்க்’ என்று குறுக்கியவுடன் முதற்பொருள் மறைந்து, ‘வேலை செய்யப்போறன்’ என்பது மட்டுமே மிஞ்சும். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் விடுதி ஊழியர் ஒருவர், தொலைபேசியில் எங்கே போகிறாய் என்று கேட்கும் நண்பரிடம் ‘ஐம் கொனா வோர்க்’ என்றால், அவர் சொல்ல நினைத்தது அந்த வாக்கியத்தில் இல்லை.

தமிழ்ச் சோதனை ஓரிடத்தில் மட்டும் சற்று வழுக்கும். ‘மீன் வாங்கப் போறன்’ என்பது தமிழிலேயே இருபொருள் தருவது. தெருவில் கூடையோடு நடந்துகொண்டிருப்பவர் சொன்னால் அது நடையையும் அதன் நோக்கத்தையும் குறிக்கும். வீட்டில் அமர்ந்து நாளைய விருந்தைத் திட்டமிடுபவர் சொன்னால் எண்ணத்தை மட்டும் குறிக்கும். ‘கொனா’ இரண்டாவதற்கே உரியது. முதலாவதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஐம் கோயிங் டு த மார்க்கெட் டு பை ஃபிஷ்’ என்று இடத்தையும் சேர்த்துச் சொல்வதே தெளிவு.

‘ஐ லைக் கோயிங் டு த பீச்’ போன்ற வாக்கியங்களிலும் ‘கோயிங் டு’ வருகிறது. அங்கே அது ‘போவது’ என்னும் தொழிற்பெயர். ‘கடற்கரைக்குப் போவது எனக்குப் பிடிக்கும்’ என்பது பொருள். இதையும் குறுக்க முடியாது.

வினை அல்லாமல் ஒரு பண்பைச் சொல்ல வேண்டுமானால் இடையில் ‘பீ’ வேண்டும். ‘இட்ஸ் கொனா ஹொட்’ என்று நம்மவர் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். ‘இட்ஸ் கொனா பீ ஹொட்’ என்பதே சரி. ‘வெக்கையாய் இருக்கப்போகுது’ என்பதில் ‘இரு’ செய்யும் வேலையையே ‘பீ’ செய்கிறது. ‘கொனா டு கோ’ என்று ‘டு’வை மீண்டும் சேர்ப்பதும் பிழை. அந்த ‘டு’ ஏற்கெனவே ‘கொனா’வின் இறுதி உயிருக்குள் கரைந்துவிட்டது.

ஐந்தாம் படி: முன்னால் வர வேண்டியதை விடாமல் சொல்லுதல்

தமிழ் பேசுவோர் செய்யும் மிகப் பொதுவான பிழை ‘ஐ கொனா கோ’ என்பது. ‘ஐம் கொனா கோ’ என்பதே சரி. ‘போறன்’ என்னும் சொல்லின் இறுதியிலேயே ‘நான்’ என்பது அடங்கியிருக்கிறது. போறாய், போறான், போறா, போறம், போறீங்கள் என்று விகுதி மாறும்போதே ஆள் விளங்கிவிடும். ‘கொனா’வுக்கு அத்தகைய விகுதி கிடையாது, எந்த ஆளோடு வந்தாலும் அது மாறாமலே இருக்கும். ஆளுக்கேற்ப மாறும் பொறுப்பு அதற்கு முன்னால் வரும் சிறு வினையிடம் இருக்கிறது: ‘ஐம் கொனா’, ‘யூ ஆர் கொனா’, ‘ஹீ இஸ் கொனா’, ‘வீ ஆர் கொனா’, ‘தே ஆர் கொனா’. நம் மொழியில் அப்படித் தனியாக நிற்கும் சொல் இல்லாததால் நம் நாக்கு அதைத் தாவிவிடுகிறது.

பாட்டுகளிலும் சில படங்களிலும் ‘ஹீ கொனா’, ‘தே கொனா’ என்று அச்சிறு வினை இல்லாமல் கேட்கலாம். ஆபிரிக்க அமெரிக்கரின் ஆங்கிலத்தில் ‘இஸ்’, ‘ஆர்’ ஆகியவற்றை விடுவது அந்த வழக்கின் சொந்த ஒழுங்குக்கு உட்பட்ட இலக்கணம். அது அவர்களுடைய பிழையன்று. ஆனால் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் அதைப் பின்பற்றினால், கேட்பவர் அதை அந்த வழக்காக எடுத்துக்கொள்ளாமல் தவறாகவே எடுத்துக்கொள்வார். எனவே நாம் ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வினாவில் அச்சிறு வினை முன்னே நகர்கிறது: ‘ஆர் யூ கொனா ஸ்டே ஹியர்?’, ‘வென் இஸ் ஹீ கொனா கம்?’. நெருங்கியவர்களிடையே ‘யூ கொனா கம்?’ என்று குரலை உயர்த்திக் கேட்பதும் உண்டு. எதிர்மறையில் ‘நொட்’ இடையில் வரும்: ‘ஐம் நொட் கொனா பை இட்’. ‘எய்ன்ட் கொனா’ என்று கேட்பது இன்னும் ஒரு படி கீழிறங்கிய வழக்கு. பயணிகளோடு தொழில் செய்பவர் அதை விளங்கிக்கொண்டால் போதும்.

இறந்தகால வடிவத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் இங்கே தவறாக விளங்கிக்கொள்வது தொழிலையே பாதிக்கும். ‘வீ வேர் கொனா கோ டு பிஜன் ஐலண்ட் யெஸ்டர்டே’ என்று ஒரு பயணி சொன்னால், அவர்கள் நேற்றுப் புறாத்தீவுக்குப் போனார்கள் என்பது பொருளன்று. ‘போக இருந்தனாங்கள்’ என்பதே பொருள், எண்ணியிருந்தார்கள், நடக்கவில்லை. அதைக் கேட்டுப் ‘பார்த்துவிட்டார்கள்’ என்று விளங்கிக்கொள்ளும் படகுக்காரர் ஒரு பயணத்தை இழக்கிறார். ‘ஐ வாஸ் கொனா கோல் யூ’ என்பதும் அவ்வாறே: ‘உங்களுக்கு எடுக்கத்தான் இருந்தனான்’. ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ என்பதோடு ‘கொனா’வைக் கேட்டால், அடுத்து ஓர் ‘ஆனால்’ வருமென்று காத்திருப்பது நல்லது.

ஆறாம் படி: ‘வில்’ என்பதிலிருந்து பிரித்தறிதல்

எதிர்காலம் என்றாலே ‘வில்’ என்று பாடசாலையில் மனனம் செய்தவர்கள், ‘கொனா’வைக் கற்றுக்கொண்டவுடன் எல்லா ‘வில்’லையும் அதனால் மாற்றத் தொடங்குகிறார்கள். இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

முன்பே முடிவுசெய்த ஒன்றைச் சொல்லும்போது ‘கொனா’ இயல்பானது. ‘நெக்ஸ்ட் இயர் வீ ஆர் கொனா பில்ட் டூ மோர் ரூம்ஸ்’ என்றால் அந்தத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அவ்வாறே, கண்முன் தெரியும் அறிகுறியைக் கொண்டு அடுத்து நடக்கப்போவதைச் சொல்லும்போதும் ‘கொனா’ பொருந்தும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடலின் மேல் கருமேகம் திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு ‘இட்ஸ் கொனா ரெயின்’ என்பதே ஆங்கிலேயர் இயல்பாகச் சொல்வது.

அந்தக் கணத்தில் எடுக்கும் முடிவுக்கும், உதவி செய்ய முன்வருவதற்கும், வாக்குக் கொடுப்பதற்கும் ‘வில்’ உரியது. உணவு மேசையில் இருக்கும் விருந்தினர் தண்ணீர் கேட்டால் ‘ஐல் பிரிங் இட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஐம் கொனா பிரிங் இட்’ என்றால், ‘அதைக் கொண்டுவரத்தான் இருந்தேன், அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள்’ என்ற தொனி அதில் ஏறிவிடும். இதற்கும் தமிழ்ச் சோதனை கைகொடுக்கும். அதே இடத்தில் நாம் தமிழில் ‘இப்ப கொண்டுவாறன்’ என்போம். ‘கொண்டுவரப்போறன்’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் ‘-ப்போறன்’ உறுத்தும் இடத்தில் ‘கொனா’வும் உறுத்தும்.

பயண வழிகாட்டிகளாகப் பணிபுரிவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கொனா’ கட்டாயத்தைக் காட்டும் சொல்லன்று. கோணேசர் கோயில் வாசலில் நின்று ‘யூ ஆர் கொனா ரிமூவ் யோர் ஷூஸ்’ என்று சொன்னால், ‘நீங்கள் சப்பாத்தைக் கழற்றப்போறீங்கள்’ என்று அவர்களுடைய எதிர்காலத்தை நாமே அறிவிப்பதுபோல் ஆகிவிடும். சிலர் அதை அதட்டலாகவும் எடுத்துக்கொள்வார்கள். ‘ப்ளீஸ் டேக் ஒஃப் யோர் ஷூஸ் ஹியர்’ என்பது பணிவும் தெளிவும் உடையது. கட்டணத்தைச் சொல்லும்போது ‘யூ ஆர் கொனா பே எக்ஸ்ட்ரா’ என்பது இன்னும் கடுமையாக ஒலிக்கும். ‘நீங்கள் கட்டத்தான் போறீங்கள்’ என்னும் மிரட்டலின் சாயல் அதில் இருக்கிறது. ‘தேர் இஸ் அன் எக்ஸ்ட்ரா சார்ஜ்’ என்று செய்தியாகச் சொல்வதே முறை.

திமிங்கிலமும் டொல்பினும் பார்க்கப் படகில் அழைத்துச் செல்வோருக்கும் இதையே சொல்லத் தோன்றுகிறது. ‘யூ ஆர் கொனா சீ வேல்ஸ்’ என்பது உறுதியான முன்னறிவிப்பு. கடலில் திரியும் உயிரினத்தின் வருகையை யாரும் உறுதிசெய்ய முடியாது. ‘யூ மே சீ வேல்ஸ்’ என்றோ ‘வீ ஆர் கொனா லுக் ஃபோர் வேல்ஸ்’ என்றோ சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும், திரும்பி வரும்போது மனத்தாங்கலுக்கும் இடமிராது. தேடப்போவது நம் கையில் இருப்பதால் அங்கே ‘கொனா’ சரியாகவே அமர்கிறது.

ஏழாம் படி: எங்கே பேசலாம், எங்கே எழுதலாம்

பேச்சில் இதைப் பயன்படுத்துவதற்கு ஏறத்தாழத் தடையே இல்லை. பேராசிரியர்களும் அரசியல் தலைவர்களும் நேர்காணல்களில் இயல்பாகவே ‘கோயிங் டு’வைக் குறுக்கிச் சொல்கிறார்கள். நம்மவர் சிலர் வயதில் மூத்த விருந்தினரிடம் இதைச் சொல்வது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். ‘போறாய்’ என்பதற்கும் ‘போறீங்கள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதால் வரும் தயக்கம் இது. ‘கொனா’ அந்த வகையைச் சேர்ந்தது அன்று. மரியாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை, முறைமைக்கும் அதற்கும்தான் தொடர்பு. ‘ஆர் யூ கொனா ஹாவ் பிரேக்ஃபஸ்ட், சேர்?’ என்று கேட்பதில் எந்த அவமதிப்பும் இல்லை. வேலைக்கான நேர்முகத் தேர்விலும், மேடையில் எழுதிவைத்து வாசிக்கும் உரையிலும் முழு வடிவத்தைத் தெளிவாகச் சொல்வது பொருத்தம். அங்கேயும் பேச்சு ஓட்டத்தில் ஓரிரு முறை ‘கொனா’ வந்துவிட்டால் அதற்காகத் தடுமாற வேண்டியதில்லை.

எழுத்து முற்றிலும் வேறு. விண்ணப்பக் கடிதம், பரீட்சை விடைத்தாள், பல்கலைக்கழக ஒப்படை, அலுவலக மின்னஞ்சல், விடுதியின் அறிவிப்புப் பலகை, விலைப்பட்டியல் ஆகியவற்றில் ‘கொனா’ வரக் கூடாது. ‘எதிர்வரும் திங்கட்கிழமை சமுகமளிக்கப்போறன்’ என்று அதிபருக்கு யாரும் எழுத மாட்டார்கள்; ஆங்கிலக் கடிதத்தில் ‘கொனா’வைப் பார்க்கும் வாசகருக்கும் அதே உறுத்தல் ஏற்படுகிறது. அறிவிப்புகளில் ‘கோயிங் டு’வைவிட ‘வில்’ இன்னும் பொருத்தமானது. ‘படகு காலை 6 மணிக்குப் புறப்படும்’ என்று தமிழில் எழுதுவதுபோல, ‘த போட் வில் லீவ் அட் 6’ என்று எழுதினால் சுருக்கமாகவும் நிமிர்ந்தும் நிற்கும்.

வட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் நண்பரோடும் உறவினரோடும் தாராளமாக எழுதலாம். விருந்தினரோடு நடத்தும் செய்திப் பரிமாற்றத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்று பலர் கேட்கிறார்கள். அறையை முன்பதிவு செய்தவர் ‘வீ ஆர் கொனா அரைவ் லேட்’ என்று எழுதினாலும், விடுதியின் சார்பில் எழுதுபவர் ‘வீ வில் வெயிட் ஃபோர் யூ’ என்று முறையான வடிவத்திலேயே பதிலளிப்பது நல்லது என்பது என் கருத்து. அவர் தனிமனிதராக எழுதுகிறார். நாம் ஒரு தொழிலின் குரலாக எழுதுகிறோம். அவருடைய நடை நம்மைக் கட்டுப்படுத்தாது.

எழுத்தில் ‘கொனா’வுக்கு உரிமையுள்ள இடம் ஒன்று உண்டு. கதையில் ஒரு பாத்திரம் பேசுவதை அப்படியே காட்டும்போது ஆங்கில எழுத்தாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். கதையை எழுத்துத் தமிழில் நடத்திக்கொண்டு உரையாடலை மட்டும் ஊர்த் தமிழில் தரும் நம் எழுத்தாளர்களின் முறையும் அதுவே.

எட்டாம் படி: இதே வகைச் சொற்களை அடையாளம் காணுதல்

‘வொன்ட் டு’ என்பதிலிருந்து வந்த ‘வொனா’, ‘கொட் டு’ என்பதிலிருந்து வந்த ‘கொட்டா’, ‘கிவ் மீ’ என்பதிலிருந்து வந்த ‘கிம்மீ’, ‘லெட் மீ’ என்பதிலிருந்து வந்த ‘லெம்மீ’ ஆகியவையும் பேச்சுக்கே உரியவை. இவற்றுள் ‘வொனா’வை மட்டும் ‘கொனா’வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள இடமுண்டு. ‘வொனா’ தானே முழு வினை என்பதால் அதற்கு முன் ‘ஆம்’, ‘இஸ்’ தேவையில்லை: ‘ஐ வொனா கோ’ என்பது சரி, ‘ஐம் வொனா கோ’ என்பது பிழை. ‘ஹீ’, ‘ஷீ’ என்பவற்றோடு ‘வொன்ட்ஸ் டு’ என்று வர வேண்டியிருப்பதால் அங்கே குறுக்க முடியாது. ‘ஷீ வொனா கோ’ என்று சொல்லக் கூடாது. மேலும் ‘வொன்ட் எ’ என்பதும் ‘வொனா’ ஆகும் என்பதால், ‘யூ வொனா டிரிங்க்?’ என்பதற்குக் ‘குடிக்க விருப்பமா’ என்றும் ‘குடிபானம் ஒன்று வேண்டுமா’ என்றும் இருபொருள் கிடைக்கும். ‘கொனா’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வருவதே இல்லை.

ஒன்பதாம் படி: காதையும் நாவையும் பழக்குதல்

கேட்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ஆங்கிலச் செய்தி நேர்காணல் ஒன்றைக் கைத்தொலைபேசியில் கேட்டு, எதிர்காலத்தைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘வில்’ வந்ததா, முழுமையான ‘கோயிங் டு’ வந்ததா, ‘கொனா’ வந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ‘கொனா’ காதில் விழாமலே போகும், ஏனெனில் அது அழுத்தமில்லாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. ‘ஐம்’, ‘வீ ஆர்’ என்பவற்றுக்கும் அழுத்தம் பெறும் வினைக்கும் இடையில் ஒரு னகர ஒலி மட்டும் கேட்டாலும், அங்கே ‘கொனா’ இருக்கிறது என்று கொள்ளலாம்.

பேசிப் பழகும்போது ‘ஐ ஆம் கோயிங் டு குக்’ என்று மெதுவாக முழுமையாகத் தொடங்கி, ‘ஐம் கோயிங் டு குக்’ என்று சுருக்கி, அதன்பின் ‘ஐம் கொனா குக்’ என்று விரைவுபடுத்துங்கள். நேரே குறுகிய வடிவத்திலிருந்து தொடங்குபவர்கள்தாம் ‘ஐ கொனா’ என்று சிறு வினையை விட்டுவிடுகிறார்கள். உங்கள் குரலைப் பதிவுசெய்து, அந்தச் சிறு வினை உண்மையில் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கீழ்வரும் தமிழ் வாக்கியங்களை ஆங்கிலப் பேச்சில் சொல்லிப் பாருங்கள்: ‘நாளைக்குக் கன்னியா வெந்நீரூற்றைப் பார்க்கப்போறம்’, ‘நாளைக்குக் கன்னியாவுக்குப் போறம்’, ‘கிண்ணியாவுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக இருந்தனான்’, ‘பின்னேரம் காத்துப் பலமாய் இருக்கப்போகுது’, ‘பொறுங்கோ, நான் கதவைத் திறக்கிறன்’. முதலாவது ‘வீ ஆர் கொனா சீ த ஹொட் ஸ்பிரிங்ஸ் டுமோரோ’ என்று வரும். இரண்டாவதில் இடம் வருவதால் ‘வீ ஆர் கோயிங் டு கன்னியா டுமோரோ’ என்று முழுமையாகவே நிற்கும். மூன்றாவது ‘ஐ வாஸ் கொனா டேக் யூ டு கிண்ணியா’. கேட்பவர் ஏன் நடக்கவில்லை என்று வினவுவார். நான்காவது ‘இட்ஸ் கொனா பீ விண்டி திஸ் ஈவ்னிங்’, அதில் ‘பீ’யை மறக்கக் கூடாது. ஐந்தாவதில் ‘-ப்போறன்’ இல்லை என்பதைக் கவனித்தீர்களானால், அங்கே ‘கொனா’வுக்கு இடமில்லை என்பதும் ‘வெயிட், ஐல் ஓப்பன் த டோர்’ என்பதே விடை என்பதும் தெரிந்துவிடும்.